மாடல் ரயில் கன்ட்ரோல் பேனலுக்கு எந்த ஒயர்? முதலில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் கேட்டது இது. மாடியறையில் 12க்கு 8 அடி இடத்தில் ஹெச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) லேஅவுட், அதாவது மாடல் ரயில் பாதை, கட்டிக்கொண்டிருக்கிறார். ஓட்டுவது டிசிசி முறையில், அதாவது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் மொத்தம் 14. அவற்றில் 10ஐ நகர்த்த டார்ட்டாய்ஸ் மோட்டார், பெட்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் இருக்கும் 4க்கு, மின்காந்தக் காயிலால் ஒரே அடியில் தள்ளும் பெக்கோ சோலனாய்டு. யார்டில் மூன்று தடங்களுக்குத் தனித்தனியாக மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சும் வேண்டும். எல்லாம் ஒரே பேனலில் வர வேண்டும். கடையில் 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்கச் சொல்கிறார்கள், வீட்டிலோ நெட்வொர்க் கேபிள் ஒரு சுருள் மிச்சம் கிடக்கிறது, எதைப் போடுவது, எத்தனை மீட்டர் வேண்டும் என்பது கேள்வி.

கடைக்காரர் தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் ‘பேனல்’ என்றாலே பம்புசெட் ஸ்டார்ட்டர் பேனல்தான் நினைவுக்கு வரும். அங்கே கான்டாக்டர் காயிலுக்கு 230 வோல்ட்டோ 415 வோல்ட்டோ போகும், பக்கத்திலேயே மோட்டார் கரன்ட் ஓடும், பெட்டி நாள் முழுக்க அதிரும். அதற்கு 1 ஸ்கொயர் சரியான அளவு. நம் பேனலில் பெரும்பாலான ஒயர்களில் ஓடுவது ஆம்பியரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்கு இவ்வளவு தடிமன் போட்டால் காசு மட்டும் வீணாவதில்லை, வேலையே கெட்டுப்போகும். மினி டாகிள் சுவிட்சின் சின்னக் காதில் அந்த ஒயர் நுழையாது. நுழைத்துச் சால்டர் வைத்தாலும் ஒயரின் விறைப்பே காதை ஆட்டி ஆட்டித் தளர்த்திவிடும். 1 ஸ்கொயர் ஒயரின் வெளி விட்டம் இன்சுலேஷனோடு சேர்த்து இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டும். அப்படி நாற்பது ஒயரைக் கட்டினால் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கட்டு வரும். அதை வைத்துக்கொண்டு பேனல் கதவைத் திறந்து மூட முடியாது.

ஆகவே எந்த ஒயர் என்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, பேனலுக்குள் வந்து போகும் ஒவ்வொரு ஒயரிலும் எவ்வளவு கரன்ட், எவ்வளவு தூரம் என்று எழுதிவிடுங்கள். உங்கள் பட்டியலில் இருப்பது மூன்றே ஜாதி. மூன்றுக்கும் ஒரே ஒயர் போட நினைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

முதலில் டார்ட்டாய்ஸ். அது மெதுவாக நகர்ந்து, பாயிண்ட் நாக்கு தண்டவாளத்தை அழுத்தியதும் அப்படியே நின்றுவிடும் மோட்டார். நின்ற பிறகும் மின்சாரம் அதில் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்த அழுத்தமே பாயிண்டைப் பிடித்து வைக்கிறது. அப்படி நின்ற நிலையில் 12 வோல்ட்டில் அது எடுப்பது சுமார் 16 மில்லிஆம்பியர். பத்து மோட்டாரும் சேர்ந்து 160 மில்லிஆம்பியர்தான். மோட்டாருக்கு இரண்டு ஒயர், பேனலில் ஒரு டிபிடிடி சுவிட்ச், அதாவது இரண்டு ஒயரையும் ஒரே நேரத்தில் மாற்றும் ஆறு காதுள்ள சுவிட்ச். சுவிட்சின் மூலைக் காதுகளைக் குறுக்காக இணைத்துவிட்டால் பிளஸ் மைனஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் போகும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வசதி உண்டு. பேனலில் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட எல்இடி வேண்டுமல்லவா? பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்து ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணையாகச் சேர்த்து, அந்த ஜோடியை மோட்டாருக்குப் போகும் ஒயரிலேயே தொடராக வைத்துவிடலாம். மோட்டார் எடுக்கும் 16 மில்லிஆம்பியர், எல்இடி தாங்கும் 20க்குள் அடங்கிவிடுவதால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை. எல்இடிக்கு என்று தனி ஒயரும் கிடையாது. எல்இடி 2 வோல்ட்டைத் தின்றுவிடுவதால் மோட்டார் கொஞ்சம் நிதானமாக நகரும். நிஜப் பாயிண்ட் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிதானம்தான் அழகு.

இந்த மோட்டார்களுக்கு ஒயரின் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. 7 இழை, ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் என்று வரும் மெல்லிய ஹுக்கப் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டு 0.22 ஸ்கொயர், மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம். மூன்றரை மீட்டர் போய்த் திரும்பினால் 7 மீட்டர், அரை ஓமுக்குச் சற்று மேல். 16 மில்லிஆம்பியரில் அது விழுங்குவது 9 மில்லிவோல்ட். 12 வோல்ட்டில் 9 மில்லிவோல்ட் போனால் யாருக்கும் தெரியாது.

அடுத்து சோலனாய்டு. இங்கே கணக்கு தலைகீழ். அந்தக் காயில் ஒரு நொடியில் சின்னப் பகுதி நேரம்தான் இயங்கும், ஆனால் அந்த நேரத்தில் 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதே மெல்லிய ஒயரில் அதே 7 மீட்டரில் இப்போது 2 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. 16 வோல்ட் சப்ளையில் 2 வோல்ட் போனால் பாயிண்ட் பாதி வழியில் நிற்கும், சில நாள் நகரும், சில நாள் நகராது. பலரும் மோட்டார் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பார்ப்பார்கள். குற்றவாளி ஒயர்தான். இதற்கு 0.75 ஸ்கொயர் போடுங்கள். மீட்டருக்கு 0.026 ஓம், 7 மீட்டருக்கு 0.18 ஓம், இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் நின்றுவிடும். எல்லாக் காயிலுக்கும் பொதுவான காமன் ஒயருக்கு மட்டும் கடைக்காரர் சொன்ன 1 ஸ்கொயரைப் போடலாம். ஒரு நேரத்தில் ஒரு பாயிண்ட்தான் அடிக்கும் என்பதால் அதற்கு மேல் தேவையில்லை.

சோலனாய்டுக்கு கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்றைக் கட்டாயம் வைத்துவிடுங்கள். பெரிய கெப்பாசிட்டரில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாக விடும் சின்னச் சுற்று அது. பொத்தான் சிக்கிக்கொண்டாலும் காயில் கருகாது என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஒரே அடி முழுதாகக் காயிலைச் சேர வேண்டும் என்றால் ஒயர் தடிமனாக இருந்தே ஆக வேண்டும். யூனிட்டை வாங்கிவிட்டு மெல்லிய ஒயரில் இணைப்பது, தண்ணீர்த் தொட்டியை மாடியில் வைத்துவிட்டு அரை அங்குலக் குழாய் போடுவது மாதிரி.

மூன்றாவது, யார்டுத் தடங்களை நிறுத்தும் சுவிட்சுகள். இவற்றில்தான் ரயில் ஓட்டும் கரன்ட்டே பேனலுக்குள் வந்து திரும்புகிறது. நிற்கும் எஞ்சின் எடுப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தடத்தில் பெட்டி கவிழ்ந்து ஷார்ட் ஆனால், தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் டிசிசி பெட்டியான பூஸ்டர் தரும் மொத்தக் கரன்ட்டும், பெரும்பாலும் 5 ஆம்பியர், இந்த ஒயர் வழியாகத்தான் பாயும். பூஸ்டர் அதை உடனே உணர்ந்து தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒயர் மெல்லியதாக இருந்து, கூடவே இணைப்புகளும் தளர்ந்திருந்தால் ஷார்ட்டையே சாதாரண லோடு என்று பூஸ்டர் நினைத்துவிட வாய்ப்புண்டு. அப்போது தண்டவாளமும் சக்கரமும் சூடாகி, பெட்டியின் அடிப்பாகம் உருகும். ஆகவே இங்கும் 0.75 ஸ்கொயர். வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தின் கடைக்கோடியிலும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்தையும் தொடுகிற மாதிரி வையுங்கள். அந்தக் கணமே பூஸ்டர் நின்றுவிட வேண்டும். நிற்காத இடத்தில் ரயிலை ஓட விடாதீர்கள். அமெரிக்காவில் இதைக் கால் டாலர் நாணயத்தை வைத்துச் செய்வார்கள். நம் ஐந்து ரூபாய் நாணயமும் அந்த வேலையைச் செய்யும்.

டிசிசி இல்லாமல் பழைய டிசி முறையில் தடத்தைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து ஓட்டுபவர்களுக்கு எல்லா ஓட்டக் கரன்ட்டும் பேனல் வழியாகத்தான் போகும். அவர்கள் பிளாக் ஒயர் முழுவதையும் 0.75 ஸ்கொயரில் போட்டுக்கொள்வது நல்லது. உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை.

ஒன்றை மட்டும் பேனலுக்குக் கொண்டுவரவே வராதீர்கள்: பாயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடமான ஃபிராக்குக்குப் போகும் மின்சாரம். டார்ட்டாய்ஸில் மொத்தம் எட்டு பின். இரண்டு மோட்டாருக்கு, மீதி ஆறும் உள்ளே இருக்கும் இரண்டு சுவிட்சுகளுக்கு. அவற்றில் ஒன்றை வைத்து ஃபிராக்கை அங்கேயே, மேசைக்கடியிலேயே இணைத்துவிடலாம். இதைப் பேனல் வரை இழுத்து வந்து திருப்பி அனுப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பாயிண்டுக்கு முப்பது ஒயர் சும்மா கூடிவிடும்.

சரி, கரன்ட் கணக்கு முடிந்தது. ஆனால் ஒயரைத் தேர்ந்தெடுப்பதில் கரன்ட்டைவிடப் பலரும் கோட்டைவிடுவது வேறு இரண்டு விஷயங்களில். ஒன்று ஃபியூஸ், இன்னொன்று அசைவு.

ஃபியூஸை முதலில் சொல்கிறேன். எல்இடி பட்டைக்கும் சிசிடிவிக்கும் விற்கும் 12 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பேனலுக்குப் போட்டுவிடுகிறார்கள். பேனலுக்குத் தேவை 160 மில்லிஆம்பியர். வரக்கூடியதோ 10 ஆம்பியர். எங்காவது ஒயர் உரசி அரைகுறையாக ஷார்ட் ஆனால் சப்ளை அதை ஒரு லோடாகவே எடுத்துக்கொண்டு, 0.22 ஸ்கொயர் ஒயரில் 7, 8 ஆம்பியரைத் தள்ளிக்கொண்டிருக்கும். பிவிசி இன்சுலேஷன் சாதாரணமாக 70 டிகிரி வரைக்கும்தான். கட்டுக்குள் இருக்கும் ஒயர் உருகினால் பக்கத்து ஒயரும் சேர்ந்து உருகும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் பிளைவுட்டும் தெர்மோகோலும். எனவே ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகத் தாங்கும் ஃபியூஸ் ஒன்று அதற்கு முன்னால் இருந்தே தீர வேண்டும். டார்ட்டாய்ஸ்களுக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். அதோடு அரை ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று. சோலனாய்டுக்குத் தனி சப்ளை. 230 வோல்ட் எந்த உருவத்திலும் பேனல் பெட்டிக்குள் வரக்கூடாது. அடாப்டர் சுவரில் இருக்கட்டும், பேனலுக்கு வருவது 16 வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

இப்போது அசைவு. உங்கள் பேனல் முகப்பு கீல் வைத்துத் திறக்கிற மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒற்றைக் கம்பி ஒயர் போகக்கூடாது, இழை ஒயர்தான் போக வேண்டும். என் முதல் பேனலில் நான் செய்த பெரிய பிழை இதுதான். நெட்வொர்க் கேபிளை நேராகக் கொண்டுவந்து டாகிள் சுவிட்சுகளில் சால்டர் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. சில மாதம் கழித்து ஒரு பாயிண்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்து சுவிட்சைத் தொட்டால் வேலை செய்யும், மூடினால் நின்றுவிடும். இன்சுலேஷன் முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி மட்டும் உடைந்து, முனைகள் உரசியும் விலகியும் இருந்திருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலை போயிற்று. ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்த வாரம் பக்கத்து ஒயர் உடைந்தது. கடைசியில் எல்லாவற்றையும் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நான் கட்டும் எல்லாப் பேனலும் இரண்டு கட்டமாகத்தான். மேசையின் மரச்சட்டத்தில், அசையாத இடத்தில், ஒரு வரிசை டெர்மினல் ஸ்ட்ரிப். லேஅவுட்டிலிருந்து வரும் ஒற்றைக் கம்பி கேபிள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அங்கிருந்து கதவில் இருக்கும் சுவிட்சுகளுக்கு 7 இழை ஹுக்கப் ஒயர். கீலைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்ன உபாயம் உண்டு: கட்டைக் கீலுக்குக் குறுக்காகக் கொண்டுபோகாதீர்கள், கீலை ஒட்டி அதற்கு இணையாக ஒரு ஜாண் நீளம் ஓடவிட்டுப் பிறகு கதவுக்குத் திருப்புங்கள். அப்படி வைத்தால் கதவு திறக்கும்போது ஒயர் மடங்காது, லேசாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கலை ஒயர் எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும், மடிப்பைத் தாங்காது. பம்பு பேனல் செய்யும் உங்கள் ஊர்ப் பட்டறை ஏதாவது ஒன்றில் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அங்கே கட்டு அப்படித்தான் போகும்.

உங்கள் நெட்வொர்க் கேபிளுக்கு வருவோம். அசையாத பகுதிக்கு அது அருமையான ஒயர். எட்டுக் கம்பி, நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி நிறம். 24 கேஜ், கிட்டத்தட்ட 0.2 ஸ்கொயர். ஒரு ஜோடி ஒரு டார்ட்டாய்ஸுக்கு என்றால் ஒரு கேபிளில் நான்கு மோட்டார். பத்து மோட்டாருக்கு மூன்று கேபிள், அதிலும் நான்கு கம்பி மிச்சம் இருக்கும். சோலனாய்டுகளில் துணை சுவிட்ச் பொருத்தி, அவற்றின் நிலையைப் பேனலில் எல்இடியாகக் காட்ட நினைத்தால் பாயிண்டுக்கு இரண்டு கம்பி, நான்குக்கு எட்டு, அதாவது இன்னொரு முழுக் கேபிள். அந்தத் துணை சுவிட்சுகளுக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டை மூன்றாவது கேபிளின் மிச்சக் கம்பியில் அனுப்பிவிடலாம். இந்த எல்இடிகளுக்கு ஆளுக்கொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும், 10 மில்லிஆம்பியரில் நன்றாக எரியும்.

ஆனால் அதைப் போடும் முன் ஒரு சோதனை. மலிவான நெட்வொர்க் கேபிளில் நிறைய, செம்பு முலாம் பூசிய அலுமினியம். பெட்டியில் சின்ன எழுத்தில் சிசிஏ என்று போட்டிருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். தடையைக்கூட டார்ட்டாய்ஸ் பொறுத்துக்கொள்ளும். தொல்லை வேறு: இன்சுலேஷனை உரிக்கும்போது கத்தி சற்றுப் பட்டாலும் இரண்டு வளைவில் முறிந்துவிடும், முலாம் போன இடத்தில் சால்டர் ஒட்டாது, திருகுக்கடியில் நாளாக ஆகத் தளரும். ஒரு முறை தெரியாமல் இப்படி ஒரு சுருள் வாங்கிவிட்டு, பாதி வேலையில் தூக்கி வைத்தேன். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்பியின் மேல்பரப்பைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவந்த நிறமே என்றால் செம்பு, வெள்ளி மாதிரி பளிச்சிட்டால் அலுமினியம். சந்தேகமாகவே இருந்தால் 30 மீட்டர் துண்டில் ஒரு ஜோடியின் ஒரு முனையை முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். நல்ல செம்பு என்றால் 5 ஓம் அளவில் காட்டும். 8 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் அதை எடுத்து ஓரம் வைத்துவிடுங்கள்.

நான்கு கம்பியைச் சேர்த்து முறுக்கித் தடிமனாக்கி சோலனாய்டுக்குப் போடலாமே என்று தோன்றும். போடலாம், கணக்குப்படி சரிதான். ஆனால் நான்கில் ஒன்று நடுவில் உடைந்தால் தெரியவே தெரியாது, பாயிண்ட் சற்றுச் சோம்பலாக அடிக்கும், அவ்வளவுதான். 0.75 ஸ்கொயர் ஒரு சுருள் வாங்குவது மேல்.

பேனலைக் கழற்றி எடுக்கிற மாதிரி வேண்டும் என்றால் நெட்வொர்க் சாக்கெட்டையே இணைப்பாக வைக்கலாம். டார்ட்டாய்ஸ் கரன்ட் அதற்கு ஒன்றுமே இல்லை. சாக்கெட்டிலிருந்து பேனலுக்கு இழைக் கம்பி உள்ள பேட்ச் கார்டு போட வேண்டும். ஒவ்வொரு சாக்கெட் மேலும் ‘பாயிண்ட் 1–4, 12 வோல்ட்’ என்று தெளிவாக எழுதி ஒட்டிவிடுங்கள். இன்று இல்லாவிட்டாலும் நாளை லேஅவுட்டின் சாதனங்களை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் எல்சிசி முறைக்குப் போனால் அதுவும் இதே மாதிரி சாக்கெட்டைத்தான் பயன்படுத்துகிறது. தவறான துளையில் செருகினால் கன்ட்ரோல் போர்டு போய்விடும். சோலனாய்டையும் யார்டுத் தடங்களையும் இந்தச் சாக்கெட் வழியாக விடக்கூடாது. 230 வோல்ட் மூன்று முள் பிளக்கைக் குறைந்த வோல்ட்டுக்குப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதைக் கனவிலும் செய்யாதீர்கள், ஒரு நாள் அது சுவர் சாக்கெட்டுக்குள் போகும்.

டெலிபோன் கேபிள் கிடைத்தால்? 0.5 மில்லிமீட்டர் கம்பி உள்ளது என்றால் நெட்வொர்க் கேபிள் செய்யும் எல்லா வேலையையும் செய்யும். 25 ஜோடிக் கேபிளில் நிற முறை ரொம்பச் சீரானது: வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து, அவை ஒவ்வொன்றோடும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து. ஐந்தைந்து இருபத்தைந்து. மனப்பாடம் செய்துவிட்டால் எண்ணே எழுத வேண்டாம். மாடல் ரயிலுக்கும் டெலிபோன் சாமானுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் எம்ஐடியில் 1946இல் தொடங்கிய மாடல் ரயில் சங்கத்தின் மாணவர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ரிலேக்களையும் சுவிட்சுகளையும் வைத்துத்தான் தங்கள் லேஅவுட்டின் முழுக் கன்ட்ரோலையும் கட்டினார்கள். பிறகு கணினியில் பேர் வாங்கிய பலர் அந்த மேசைக்கடியில் ஒயர் இழுத்துப் பழகியவர்கள். நம் ஊரில் மண்ணில் புதைக்கும் டெலிபோன் கேபிளில் மட்டும் உள்ளே ஜெல்லி இருக்கும். கையிலும் ஒயரிலும் ஒட்டிக்கொண்டு சால்டர் பிடிக்க விடாது. உள்ளரங்கக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

ரிப்பன் கேபிள் 28 கேஜ், இன்னும் மெல்லியது. எல்இடிக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம்.

கட்டும்போது, தண்டவாளம் முழுவதற்கும் மின்சாரம் கொண்டுபோகும் டிசிசி பஸ் ஒயரையும் பேனல் கேபிளையும் ஒரே கட்டில் போடாதீர்கள். பஸ்ஸில் ஓடுவது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும் மின்னோட்டம், பக்கத்தில் இணையாக ஓடும் மெல்லிய ஒயரில் அது ஒட்டிக்கொள்ளும். டார்ட்டாய்ஸ் கண்டுகொள்ளாது, ஆனால் பின்னால் நீங்கள் ரயில் இருப்பதைக் காட்டும் சென்சார் போட்டால் விளக்குகள் தாமாகச் சிமிட்டும். ஒரு ஜாண் இடைவெளி போதும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வையுங்கள்.

டெர்மினலில் திருகும் இழை ஒயரின் முனைக்குச் சால்டர் தடவாதீர்கள். உறுதி என்று தோன்றும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், ஒரு வருடத்தில் திருகு தளர்ந்துவிடும். முனையில் லக் என்கிற சின்ன உலோக முனையை அடித்துத் திருகுங்கள். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் வெறும் செம்பு ஓரிரு வருடத்தில் கருத்துவிடுவதால் நான் வெள்ளீயம் பூசிய இழை ஒயரையே தேடி வாங்குகிறேன், ரிச்சி தெருவில் கிடைக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் கவலை குறைவு. எலி எல்லா ஊரிலும் உண்டு, ஆகவே மூடியுள்ள பிவிசி சேனலுக்குள் விடுங்கள்.

எண் குழாய் மறக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பேனல் கடைகளில் ஃபெரூல் என்று கேட்டால் எண் அச்சிட்ட குட்டிக் குழாய்களைத் தருவார்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண், அதே எண் ஒரு நோட்டில், அதே வரியில் நிறமும் எங்கே போகிறது என்பதும். சால்டர் வைப்பதற்கு முன்பே குழாயைக் கோத்துவிட வேண்டும், பிறகு உள்ளே போகாது. நிறத்தில் என் வழக்கம்: கருப்பு எப்போதும் காமன், சிவப்பு எப்போதும் 12 வோல்ட் பிளஸ், இந்த இரண்டையும் வேறு எதற்கும் தொடமாட்டேன். யார்டுத் தடங்களுக்கு மஞ்சள். நான்கு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக்கடியில் டார்ச்சோடு மல்லாந்து படுத்திருக்கும்போது, அந்த ஒயரில் எத்தனை ஸ்கொயர் செம்பு இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. இது எங்கே போகிறது என்பது ஒன்றுதான் தெரிய வேண்டியிருக்கும்.

வாங்க வேண்டிய அளவு: பேனலிலிருந்து சராசரி மூன்றரை மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். நெட்வொர்க் கேபிள் நான்கு ஓட்டம், திருப்பங்களுக்கும் சேர்த்து 20 மீட்டர், அது உங்களிடமே இருக்கிறது. 0.75 ஸ்கொயர் சோலனாய்டுக்கு எட்டு ஒயர், தடங்களுக்கு ஆறு, ஆகப் பதினான்கு ஒயருக்கு 50 மீட்டர். காமனுக்கு 1 ஸ்கொயர் கருப்பு 5 மீட்டர். கதவுக்குள் 7 இழை ஹுக்கப் ஒயர் நான்கைந்து நிறத்தில் மொத்தம் 25 மீட்டர். டிபிடிடி சுவிட்சில் குறுக்காகப் போடும் சின்னத் துண்டுகளுக்கு நெட்வொர்க் கேபிளின் மிச்சக் கம்பியே போதும், அங்கே அசைவு இல்லை. டெர்மினல் ஸ்ட்ரிப் மட்டும் தேவைக்கு மேல் எட்டு இடம் கூடுதலாக வாங்குங்கள். 14 பாயிண்டோடு எந்த லேஅவுட்டும் நின்றதை நான் இதுவரை பார்த்ததில்லை.